ஒருமுறை தீர்த்தது தீர்த்ததுதான்

தேங்காய்ப்பட்டணம், கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகும் நிரலாளர்களுக்கு மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் எனும் மோதல் புதிதல்ல. இரண்டு பேர் ஒரே வரியில் கைவைத்தால் யாராவது உட்கார்ந்து முடிவு சொல்லத்தான் வேண்டும். நேற்று முடிவு சொன்ன அதே வரி இன்றும் வந்து நிற்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். மாதக்கணக்கில் நீளும் பிராஞ்சை மெயினோடு அவ்வப்போது சேர்த்துச் சோதித்து, அந்த மெர்ஜைக் கலைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

நிரல் மாற்றங்களைப் பராமரிக்கும் கிட் மென்பொருளுக்குள்ளேயே இதற்கு மருந்து உண்டு. பெயர் ‘ரெரெரெ’; ஒருமுறை தீர்த்த மோதலின் தீர்வை நினைவில் வைத்து, அதே மோதல் திரும்ப வரும்போது பயன்படுத்தும் கருவி. 2006இல் இதைச் சேர்த்தவர் ஜூனியோ ஹமானோ. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கிய கிட்டை அதே ஆண்டு ஜூலையிலிருந்து பராமரித்து வருபவர். பலர் அனுப்பும் பிராஞ்சுகளை ஒன்றாகக் கோத்து ‘சீன்’ என்ற சோதனை பிராஞ்சை அவர் திரும்பத் திரும்ப அடியிலிருந்து கட்டுகிறார். ஒவ்வொரு முறையும் அதே பிராஞ்சுகள், பெரும்பாலும் அதே மோதல்கள். இந்தக் கருவி இல்லாமல் அந்த வேலையை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

அது எப்படி நினைவில் வைக்கிறது என்பதில்தான் கைவண்ணம் தெரிகிறது. மோதலோடு இருந்த கோப்பையும் தீர்ந்த கோப்பையும் ‘ஆர்ஆர்-கேஷ்’ அடைவில் சேமிக்கிறது. அதற்கு முன் மோதலைச் சுத்தப்படுத்துகிறது: மோதலைக் காட்டும் குறிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பிராஞ்ச் பெயர்களை நீக்குகிறது, இரு தரப்புகளையும் எது முதலில் என்று ஒரே மாதிரி வரிசைப்படுத்திவிட்டு, அந்த உரையிலிருந்து ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. யாருடைய பிராஞ்சில் யார் வந்து சேர்ந்தாலும் அடையாளம் மாறாது. எவ்வளவு அழகான முடிவு! அடுத்த முறை அதே மோதல் வந்தால், பழைய கோப்பை அப்படியே ஒட்டுவதில்லை. பழைய மோதலை அடிப்படையாக வைத்து மூவழி மெர்ஜ் செய்கிறது. அதனால் இடையில் கோப்பின் மற்றப் பகுதிகள் மாறியிருந்தாலும் தீர்வு பெரும்பாலும் சரியான இடத்தில் போய் உட்காருகிறது.

அதன் அடக்கமும் பாராட்டத் தக்கது. தீர்வைக் கோப்பில் எழுதிவிட்டு நின்றுகொள்கிறது. ‘கிட் ஆட்’ கொடுப்பதை, தனியாகச் சொல்லிவைத்தாலொழிய, மனிதருக்கே விட்டுவிடுகிறது. முன்பு தவறாகத் தீர்த்திருந்தால் ‘கிட் ரெரெரெ ஃபர்கெட்’ என்று கோப்பின் பெயரைச் சொன்னால் போதும். தீர்ந்த பதிவுகளை 60 நாளும், தீராதவற்றை 15 நாளும் வைத்திருப்பது வழக்கமான அமைப்பு.

எல்லா மோதலும் இதற்குக் கட்டுப்படாது. க்னோம் திட்டத்தின் ‘டிஏ.பிஓ’ போன்ற தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகளின் தலைப்பில், வார்ப்புரு உருவான தேதி இருக்கும். அது ஒவ்வொரு தடவையும் மாறுவதால் மோதலின் உரையும் மாறுகிறது, அடையாளம் பொருந்துவதில்லை. இத்தகைய கோப்புகளில் முடிந்தவரை மோதல் பிறக்காமல் பார்ப்பதே வழி. தேதியைப் போலவே அடிக்கடி மாறும், கோப்பில் குறித்திருக்கும் மூலநிரல் வரி எண்களை ‘எம்எஸ்ஜிகேட்’ கருவி கொண்டு நீக்கிவிட்டுக் கமிட் செய்தால், வரி நகர்ந்ததற்காக மட்டும் வரும் மோதல்கள் நின்றுவிடும். கிட் திட்டம் தன் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொல்வதும் இதைத்தான்.

‘ரெரெரெ.எனேபிள்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால் கருவி வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் அந்த நினைவு அவரவர் கணினியிலேயே தங்குகிறது, புஷ் செய்யும்போது கூடப் போவதில்லை. புதுக் கணினிக்கு மாறுகிறவர்கள் கிட் மூலநிரலோடு வரும் ‘ரெரெரெ-ட்ரெயின்’ ஸ்கிரிப்டை ஓட்டலாம். வரலாற்றில் இருக்கும் மெர்ஜ் கமிட்களை அது மறுபடி செய்துபார்த்து, அவற்றில் ஏற்கெனவே எடுத்த முடிவுகளைப் பதிந்துகொள்ளும்.