தலை திரும்பிய ஒரு நொடி

கெஸ்டபோ அதிகாரி வகுப்பறைக்குள் நுழைந்து, உங்களில் ழான் கிப்பெல்ஸ்டைன் யார் என்று கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தவர், சுவரில் தொங்கும் வரைபடத்துக்குப் போய், நேச நாட்டுப் படைகளின் முன்னேற்றத்தைக் காட்டக் குத்தியிருந்த சின்னக் கொடிகளைப் பிடுங்கிப் போடுகிறார். அவர் முதுகு காட்டி நிற்கும் அந்த இடைவெளியில் ஜூலியன் என்ற சிறுவன் தன் நண்பன் பக்கம் தலையைத் திருப்புகிறான். அதே நேரம் அதிகாரியும் திரும்பிவிடுகிறார். நண்பன் எழுந்து, புத்தகங்களையும் பேனாவையும் ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு, பக்கத்துப் பையன்களுக்குக் கைகொடுக்கிறான்.

லூயி மால் 1987இல் எடுத்த 'ஓ ரெவுவார், லெ ஸான்ஃபான்' (போய் வருகிறேன், பிள்ளைகளே) படத்தின் உயிர் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. குண்டு விழவில்லை, துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பாசத்தோடு, பயத்தோடு பார்க்கிறது. அந்தப் பார்வையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. போரைப் பற்றி நான் பார்த்த படங்களில் இவ்வளவு சிறிய அசைவுக்கு இவ்வளவு கனம் கொடுத்தது வேறொன்று இல்லை.

இது மாலின் சொந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதை. பிரான்சில் ஃபோந்தேன்புளோவுக்கு அருகே ஆவோன் என்ற ஊரில் கார்மல் சபைத் துறவிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் அவர் படித்தார். தலைமையாசிரியர் அருட்தந்தை ஜாக், மூன்று யூதச் சிறுவர்களைப் பொய்ப் பெயரில் சேர்த்துக்கொண்டு மறைத்து வைத்திருந்தார். 1944 ஜனவரி 15 அன்று கெஸ்டபோ வந்து நால்வரையும் பிடித்துப் போனது. சிறுவர்கள் மூவரும் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். மவுத்ஹவுசன் முகாமிலிருந்து விடுதலையான பாதிரியார் சில வாரங்களிலேயே இறந்துபோனார். மாலுக்கு அப்போது 11 வயது. இதைப் படமாக்க அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கமும் பிரான்சின் ஏழு சேசர் விருதுகளும் இந்தப் படத்துக்குக் கிடைத்தன.

அந்தப் பார்வைக்கு நம்மைத் தயார்செய்ய மால் மெனக்கெட்டிருப்பதைத்தான் ஒவ்வொரு முறையும் ரசிக்கிறேன். படம் முழுக்க ஜூலியன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். பியானோ வகுப்பில் ஷூபர்ட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டு வெளியே வருகிறான். அடுத்து உட்காரும் புதுப்பையன் பொன்னேயின் விரல்களிலிருந்து அதே இசை தங்குதடையின்றி வருகிறது. ஜூலியன் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். முகத்தில் பொறாமை. கூடவே, இவன் யார் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கும் ஆவல். பிறகு ஒரு நள்ளிரவில் கண் விழித்தால், அடுத்த கட்டிலருகே இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் பொன்னே முணுமுணுவென்று ஜெபிக்கிறான். மறைத்து வைத்த புத்தகம் ஒன்றில் ழான் கிப்பெல்ஸ்டைன் என்ற அவனுடைய உண்மைப் பெயரும் கண்ணில் படுகிறது. இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் பொறாமை நட்பாகிறது. நட்பான பிறகு பார்க்காமல் இருக்க முடியுமா?

ரெனாத்தோ பெர்த்தாவின் ஒளிப்பதிவில் குளிர் நம் எலும்பு வரை வருகிறது. சாம்பலும் நீலமுமான வண்ணங்கள், பையன்களின் கருநீல மேலங்கிகள், கண் கூசாத குளிர்கால வெளிச்சம். பின்னணி இசை கொட்டி அழவைக்கும் வேலை இங்கே இல்லை. சாப்ளினின் 'இமிக்ரன்ட்' மௌனப்படத்தைப் பள்ளியில் திரையிடும்போது பியானோவும் வயலினும் நேரிலேயே வாசிக்கிறார்கள். சுதந்திர தேவியின் சிலை திரையில் வந்ததும் எல்லோருடைய சிரிப்புக்கும் நடுவே சில முகங்கள் மட்டும் மாறுகின்றன. மால் அதை அடிக்கோடு போட்டுக் காட்டுவதில்லை. 1968இல் கேமராவோடு இந்தியாவெங்கும் அலைந்து, சென்னைக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கி ஆவணத் தொடர் எடுத்தவர் அவர். தலையிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பொறுமை இதிலும் கைகொடுத்திருக்கிறது.

ஆட்களை நல்லவர், கெட்டவர் என்று பிரித்துவைக்கவும் அவர் உடன்படுவதில்லை. காட்டில் வழிதவறிய இரண்டு சிறுவர்களைப் போர்வை போர்த்திப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஜெர்மன் சிப்பாய்கள். உணவகத்தில் வயதான யூதர் ஒருவரை வெளியேற்றத் துடிப்பவர்களோ ஜெர்மானியர்களுக்குத் துணைபோன பிரெஞ்சு மிலிஸ் படையினர்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்கும் பாத்திரம் ஜோசப். சமையலறையில் எடுபிடி வேலை செய்யும் கால் ஊனமான இளைஞன். வீட்டிலிருந்து வரும் ஜாமைப் பையன்கள் அவனிடம் கொடுத்துத் தபால்தலையும் சிகரெட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். ஜூலியனும் அதில் கூட்டு. விஷயம் வெளியே வந்ததும் ஜோசப்புக்கு வேலை போகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கோ சின்ன தண்டனையோடு சரி. இது அநியாயம் என்று பள்ளியை நடத்தும் பாதிரியாருக்கே தெரியும். யூதப் பிள்ளைகளுக்காக உயிரைப் பணயம் வைத்தவர், பெற்றோர் முன்னால் செல்வத்தின் பாவத்தைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர், இந்த ஏழைப் பையன் விஷயத்தில் சறுக்கிவிடுகிறார். அவன் நேராகப் போய் கெஸ்டபோவிடம் சொல்லிவிடுகிறான்.

கைது நாளில் ஜெர்மானியர்களோடு நிற்கும் ஜோசப்பை ஜூலியன் எதிர்கொள்கிறான். புண்ணியவான் வேஷம் போடாதே, இது போர் என்கிற மாதிரி ஜோசப் பேசுகிறான். ஜூலியனிடம் பதில் இல்லை. இப்படித் தடம்மாறிய ஏழை இளைஞனை மால் 1974லேயே 'லகோம்ப், லூசியன்' படத்தில் நாயகனாக்கியிருந்தார். காட்டிக்கொடுத்தவனைப் புரிந்துகொள்ள ஒரு முழுப்படம் எடுத்த பிறகே, இழந்த தோழனைப் பற்றிய படத்துக்கு அவர் வந்தார். அதனால்தான் ஜோசப்பை அவரால் வெறும் துரோகியாக விட்டுவிட முடியவில்லை என்று நினைக்கிறேன்.