சிம்பை விடுங்கள், மிதியைப் பாருங்கள்

அந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2011 பிப்ரவரி, மான்செஸ்டர் சைக்கிள் அரங்கம். நம் திரெங்கானுப் பையன் அசிசுல்ஹஸ்னி அவாங்கின் கெண்டைக்காலில் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் எட்டிப்பார்க்கும் மரச்சிம்பு, சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். கோல சிலாங்கூர் ஒட்டுக்கடையில் கைப்பேசியை நீட்டி யாராவது காட்டினால், பார்த்தவர் முகம் சுளித்துத் தே தாரிக்கைத் தள்ளி வைப்பார். படத்தோடு நிறுத்தாமல் ஓட்டத்தையும் பாருங்கள் என்று நான் எல்லாரையும் கேட்டுக்கொள்வது வழக்கம். ரசிக்க வேண்டிய வித்தை அங்கேதான் இருக்கிறது.

ஓட்டத்தின் பெயர் கெய்ரின். 1948-இல் ஜப்பானில் பந்தயம் கட்டும் விளையாட்டாகத் தொடங்கியது. டெர்னி என்னும் மோட்டார் வண்டி முன்னே போக, ஓட்டக்காரர்கள் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு சுற்றுவார்கள். வேகம் ஐம்பது கிலோமீட்டரைத் தொட்டதும் டெர்னி விலகிவிடும். பிறகு யார் எந்த இடைவெளியில் நுழைகிறார், யார் யாரை வெளியே தள்ளுகிறார் என்பதுதான் ஆட்டம்.

இந்த ஓடுகளச் சைக்கிளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று, அதுவும் கனமானது. நின்ற வண்டியைக் கிளப்ப முதல் சில மிதிகளில் முழு உடம்பையும் இறக்கியாக வேண்டும். பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. வளைவில் மரத்தளம் 42 பாகை வரை சாய்ந்து சுவர்போல நிற்கும். அங்கே மெதுவாகப் போனால் டயர் வழுக்கும். அடிபட்டவர் உருட்டிக்கொண்டே போய்ச் சேரலாம் என்ற சலுகையை இந்த விளையாட்டு யாருக்கும் தருவதில்லை.

மான்செஸ்டரில் அன்று கடைசிச் சுற்றில் மோதல். பலர் விழுந்தார்கள். தளத்தின் பைன் பலகை சிம்பாகப் பெயர்ந்து அசிசுலின் காலில் ஏறியது. பிரிட்டனின் கிறிஸ் ஹோய் முதலாவதாகப் போய்விட்டார். அசிசுல் எழுந்தார், சைக்கிளில் ஏறினார், மிதித்தார், மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தார், அதன் பிறகே சாய்ந்தார். அந்த வெண்கலத்தோடு உலகக் கிண்ணத் தொடரின் கெய்ரின் பட்டமும் அவர் கைக்கு வந்தது.

தொடையில் பிறக்கும் விசையைப் பெடலுக்குக் கடத்துவது கெண்டைக்கால். கணுக்காலை விறைப்பாகப் பிடித்திருப்பதும் அதுதான். அது கிழிந்தால் அந்தப் பக்கத்து மிதி பாதி செத்துப்போகும். இங்கேதான் எனக்கு வியப்பு. ஓய்வே தராத அந்தப் பின்சக்கரம் அப்போது துணையாகவும் மாறுகிறது. நல்ல கால் தள்ளினால் போதும், கெட்ட காலைப் பெடலே தூக்கிச் சுற்றிக் கொண்டுவந்துவிடும். பல்லாயிரம் சுற்றுகளில் ஊறிய உடம்பு இதை யோசிக்காமலே செய்யும். வலியைத் தாங்கும் மனம் பலரிடம் உண்டு. விழுந்து எழுந்த அந்த நொடியில் வண்டியின் குணம் கால்களுக்கு நினைவிருப்பது மிகச் சிலருக்கே வாய்க்கும்.

எங்கள் வட்டாரத்தில் சைக்கிளை மதிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத் தோட்டங்களில் கித்தா மரம் நின்ற காலத்தில், பால் நிறைந்த வாளிகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் ஸ்டோருக்கு மிதித்தவர்கள் நம் பெரியவர்கள். திருப்பத்தில் வாளிக்குள் பால் ஒரு பக்கம் சாயும், அதற்கு எதிராக இடுப்பைச் சாய்க்க வேண்டும். கால்வாய்மேல் போட்ட ஒற்றைப் பலகையைக் கடக்கும்போது கண் பலகையின் கடைசியில் இருக்க வேண்டும். இறங்கித் தள்ளுபவரைப் பையன்கள் கேலி செய்வார்கள். அசிசுல் எழுந்து ஏறியதைப் பார்க்கும்போது அந்த இடுப்புகள் எனக்கு ஞாபகம் வருகின்றன.

ஆனால் ஒன்றைப் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். காலில் துணி சுற்றிக்கொண்டு பெரட்டுக்கு வந்து நின்றவர்களும் அதே தோட்டங்களில் இருந்தார்கள். வராவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலி போய்விடும். அதை வீரம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. அசிசுல் நிறுத்தியிருக்கலாம்; யாரும் அவர் சம்பளத்தைப் பிடித்திருக்க மாட்டார்கள். நிறுத்தும் உரிமை உள்ளவன் தொடரும்போதுதான் அதை அழகு என்று சொல்ல முடிகிறது.

இன்னொன்று, அந்தச் சிம்பு களத்தில் பிடுங்கப்படவில்லை, மருத்துவமனையில் அறுவை செய்துதான் எடுத்தார்கள். உடம்பில் குத்தி நிற்கும் பொருளை இழுத்தால் ரத்தம் பீறிடும். பழக்குலை வெட்டும்போது செம்பனை முள் ஆழமாக ஏறினாலும் இதே விதிதான். முள்ளைக் கண்டதும் பல்லைக் கடித்துப் பிடுங்குவதை ஆண்மை என்று நினைக்கும் தம்பிகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

பிறகு வந்தவை பெரிய வெற்றிகள்: 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017 ஹாங்காங்கில் உலகக் கெய்ரின் பட்டம், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. தோக்கியோ இறுதியை நான் மீண்டும் மீண்டும் பார்ப்பேன். டெர்னி விலகும் நேரத்தில் பிரிட்டனின் ஜேசன் கென்னி தனியே பிய்த்துக்கொண்டு போய்விட, பின்னால் சிதறிய கூட்டத்தில் இரண்டாம் இடத்தைப் பறித்தார் அசிசுல். பதறாத ஓட்டம் அது.

பிறவியிலேயே இதயத் தமனி தவறான இடத்தில் தொடங்கும் அரிய குறை தெரியவந்து, 2022 ஏப்ரலில் திறந்த இதய அறுவை செய்துகொண்டார். நெஞ்சு எச்சரித்தபோது இறங்கினார், தேறியதும் ஏறினார். மான்செஸ்டருக்குக் கொடுத்த அதே மதிப்பெண்ணை இந்த இறக்கத்துக்கும் நான் கொடுப்பேன். 2024 பாரிஸ் வரை வந்தார். அங்கே முதல் சுற்றிலேயே, டெர்னி களத்தை விட்டு விலகுமுன் அதை முந்திவிட்டார் என்று நீக்கினார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விதி சரிதான், நடுவரிடமும் குறையில்லை. ஆனாலும் அந்தக் கால்களின் முழு வேகத்தை இன்னொரு முறை பார்த்திருக்கலாமே என்ற ஏக்கம் இன்றும் போகவில்லை.