மாதவி எப்படி வீடு திரும்பினாள்?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், மாணவிகளுக்காகச் சிலப்பதிகார வாசிப்பு முகாம் ஒன்றை நடத்தினேன். கடைசி நாள் பூம்புகார் போவதாக ஏற்பாடு. வந்திருந்தவர்களில் பலர் கடலையே பார்த்ததில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் புளிசாதப் பொட்டலங்களோடு காத்திருந்தோம். பேசிவைத்த வேன் வரவில்லை. தாமதமாகக் கிளம்பினால் இரவுக்குள் மலைக்குத் திரும்ப முடியாது. வெளியே தங்க எந்த வீட்டிலும் அனுமதி வாங்கவில்லை. பலாமரத்தடியில் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, கடலுக்குப் பதிலாகக் கானல்வரியைப் படித்தோம்.

அதுவும் கெட்டுப்போன ஒரு கடற்கரைப் பயணம்தான். இந்திரவிழா முடிந்து புகார் நகரமே கடலாடக் கிளம்புகிறது. கோவலன் கோவேறு கழுதையிலும் மாதவி வண்டியிலும் போகிறார்கள். புன்னை நிழலில் திரை கட்டிக் கட்டில் போட்டிருக்கிறது. வசந்தமாலையின் கையிலிருந்த யாழை வாங்கி, சுருதி சேர்த்து, மாதவி கோவலனிடம் தருகிறாள். அவன் காவிரியைப் பாடுகிறான்; பிறகு கடற்கரையில் கண்ட பெண்ணொருத்தியின் அழகால் வருந்தும் ஆணாக நின்று பாடுகிறான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாளோ என்று மாதவிக்குப் படுகிறது. ஆனால் அவள் எழுந்து போய்விடவில்லை. யாழை வாங்கி, தனக்கும் அப்படியொரு எண்ணம் இருப்பதுபோல் பாடுகிறாள். பாட்டுக்குப் பாட்டு.

கோவலனின் கணக்கு வேறு. தான் பாடியது வெறும் கானல்வரி. அவள் பாடியதோ வேறொருவனை நினைத்து. இந்தக் கணக்கோடு அவன் போய்விடுகிறான். கிளம்பும்போது, பொழுது கழிந்தது, எழுவோம் என்று பன்மையில் சொல்கிறான். போவது ஏவலாளர் சூழ, அவளில்லாமல்.

கானல்வரியில் அமைந்தவை நெய்தல் திணைப் பாடல்கள். அகப்பாடலில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பாட்டுக்குள் பேசும் தலைவி பாடியவள் அல்லள். அதனால்தான் ஆண் புலவர்கள் தலைவியின் குரலில் தயக்கமின்றிப் பாட முடிந்தது. அந்த உரிமையைக் கோவலன் தனக்கு வைத்துக்கொண்டு மாதவிக்கு மறுக்கிறான். அவன் பாடினால் கலை, அவள் பாடினால் வாக்குமூலம்.

அடுத்து நடப்பது இன்னும் கொடுமை. அன்று மாலை மாதவி தாழை மடலில் கடிதம் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுக்கிறான். அவள் ஆடல்மகள், இவையெல்லாம் அவளுக்குப் பழகிய நடிப்பு என்கிறான். நடித்துப் பாடியபோது உண்மை என்றவன், உண்மையாக எழுதியபோது நடிப்பு என்கிறான்.

இளங்கோ இந்தப் பிரிவுக்கு யாழிசையைச் சாக்காக்கி, காரணத்தை ஊழ்வினைமேல் வைக்கிறார். காப்பியத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். வகுப்பறையிலும் அதையே திருப்பிச் சொல்லி, மாதவி மட்டும் அப்படிப் பாடாமலிருந்தால் என்று பெருமூச்சு விடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. கோவலன் முதலில் பாடாமலிருந்தால் என்று நான் படித்த காலத்தில் யாரும் கேட்டதில்லை. ஆசிரியராகிப் பல ஆண்டுகள் நானும் கேட்கவில்லை.

என் முதல் தொகுப்பு வந்தபோது உறவினர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "இதுல வர்றவன் யாரும்மா?" என்று கேட்டார். கவிதை எழுதும் ஆண் நண்பர்களிடம் இப்படி யாரும் கேட்டதாக நான் அறியேன். இதை மாணவிகளிடம் சொன்னதும் ஒருத்தி சிரித்தாள். நன்றாகப் பாடக்கூடியவள். ஊரில் வாயைத் திறப்பதில்லையாம். "யாரை நெனச்சுப் பாடுறன்னு கேப்பாங்க, மேடம்."

இன்னொருத்தி கேட்டாள்: "அவன் போயிட்டான் சரி. மாதவி எப்படி வீட்டுக்குப் போனா?"

எந்த ஆய்வரங்கிலும் நான் கேட்டிராத கேள்வி. கடைசிப் பேருந்தைக் கணக்கிட்டு வாழ்பவளுக்குத்தான் அது தோன்றும். காப்பியத்தில் பதில் இருக்கிறது: கூட்டத்தின் ஆரவாரத்தை அடக்கி, செயலற்ற நெஞ்சோடு வண்டியிலேறி, அவனில்லாமல் தன் வீட்டுக்குள் நுழைந்தாள். சில அடிகள்தான். அவற்றை இரண்டு முறை வாசித்தோம். பிறகு அந்தப் பெண்ணைப் பாடச் சொன்னோம். பாடினாள். யாரை நினைத்து என்று யாரும் கேட்கவில்லை.