மலைநகரின் திறந்தவெளி: கண்டியும் நீலகிரியும்

நில அபிவிருத்தியின்போது திறந்தவெளியைக் காக்கும் முறைகள் இருவகைப்படும். காடு, குன்று, நீர்நிலை போன்ற இயற்கைக் கூறுகளை எல்லையிட்டுக் கட்டடங்களிலிருந்து விலக்கிவைப்பது ஒன்று. துண்டாடப்படும் காணியில் ஒரு பங்கைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கச் செய்வது மற்றொன்று. முதல் வகைக்குக் கண்டி சிறந்த சான்றாகும். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைத்த வாவியும், 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்ட உடவத்தைக்கலையும் நகரின் நடுவே இன்றும் நிலைத்திருக்க, தெற்கே ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் வகையில் இலங்கையும் தமிழ்நாடும் பத்து விழுக்காடு என்ற ஒரே அளவையே கொண்டுள்ளன; அது எந்தப் பரப்பிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் வேறுபடுகின்றன. இலங்கை நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 395 பேர்ச்சுக்கு, மேற்பட்ட காணி துண்டாடப்படும்போதே இவ்வொதுக்கீட்டைக் கோரின. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளோ 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளிலேயே அதைத் தொடங்குகின்றன. எனினும் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தலாம் என்பதால், நிலத்தையே தானப் பத்திரத்தின் வழி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கும் கட்டாயம் பெரிய மனைப்பிரிவுகளுக்கே உண்டு.

மலைச்சரிவைக் கையாளும் முறையும் வேறானது. கண்டி மாவட்டத்தில் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தந்தக் காணியின் மண்சரிவு அபாயத்தை மதிப்பிடுகிறது. தமிழ்நாட்டின் நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிகளில், 1990இல் உருவான மலையிடப் பாதுகாப்புக் குழுமம் பட்டியலிடப்பட்ட கிராமங்களை அடிப்படையாகக் கொண்டு, வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் ஆகிய துறைகளின் கருத்துகளைப் பெறுகிறது. முன்னது மண்ணின் தன்மையை நுணுகி நோக்குகிறது. பின்னது ஊர் முழுவதையும் ஒரு வரம்புக்குள் கொண்டுவருகிறது.

இரு இடங்களிலும் பத்து விழுக்காடு என்பது பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உரிய அளவேயன்றி, ஓடைக்கரைக்கும் செங்குத்துச் சரிவுக்கும் உரியதன்று. எந்தப் பத்திலொரு பங்கு என்பது மலைநிலத்தில் எவ்வளவு என்பதைவிட முக்கியமாதலால், கட்டக்கூடாத சரிவையும் நீர்வழியையும் மொத்தப் பரப்பிலிருந்து முதலில் கழித்து, எஞ்சிய நிலத்திலேயே பொது ஒதுக்கீட்டைக் கணக்கிடும் விதி தேவை. காணிதோறும் மண்ணை ஆராயும் ஏற்பாடு கண்டியில் ஏற்கெனவே இருப்பதால், அதற்கான அடித்தளமும் அங்கு அமைந்துள்ளது. தமிழ்நாட்டிலிருந்து கண்டி எடுத்துக்கொள்ள வேண்டியது, சிறிய காணிகளையும் உள்ளடக்கும் தாழ்ந்த பரப்பு வரம்பே.