ஒரு தைவதத்துக்கு எத்தனை சாட்சி?

கச்சேரியில் இன்று தியாகராஜரின் 'நகுமோமு' கேட்டால், ஆபேரியில் ஒலிப்பது சதுச்ருதி தைவதம். பழைய பாடாந்தரத்தில் அங்கே சுத்த தைவதம்தான் இருந்தது என்பது இசை உலகம் நன்கறிந்த செய்தி. முத்துசுவாமி தீட்சிதரின் ஆபேரிக் கிருதியான 'வீணாபேரீ'யில் இன்றும் சுத்த தைவதமே நிற்கிறது. 'நகுமோமு'வின் இன்றைய வடிவம் பரவியதில் முசிரி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டுக்குப் பெரும் பங்குண்டு. இப்போது அந்தக் கிருதியைப் பதிப்பிக்க உட்காருபவர் எந்தத் தைவதத்தை அச்சிடுவார்?

சதுச்ருதியை மட்டும் அச்சிட்டால், தியாகராஜர் அப்படித்தான் அமைத்தார் என்று மாணவர் நம்பிவிடுவார். சுத்த தைவதத்தை மட்டும் அச்சிட்டால், பல தலைமுறை வித்துவான்கள் பாடியது முழுவதும் பிழையென்று ஆகிவிடும். இரண்டையும் கொடுத்து, எது எந்தச் சிஷ்ய பரம்பரையில், எந்தக் கையெழுத்துப் பிரதியில், எந்த இசைத்தட்டில் கிடைக்கிறது என்று சொல்வதுதான் ஆய்வுப் பதிப்பு. நம்மிடம் புழங்கும் கீர்த்தனைப் புத்தகங்களில் பெரும்பாலானவை இதைச் செய்வதில்லை. ஸ்வரம் இருக்கும், சாகித்யம் இருக்கும், யாரிடமிருந்து வந்த பாடம் என்ற ஒரு வரி இருக்காது.

இலக்கியத்தில் இந்த ஒழுக்கம் நமக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபோது ஏடுகளை ஒப்புநோக்கி, பிரதிபேதங்களைக் குறித்து, அடியார்க்குநல்லார் உரையோடு தந்தார். பஞ்சமரபு, இசைநுணுக்கம், இந்திரகாளியம் போன்ற நூல்களின் பெயர்கள் பலருக்குத் தெரியவந்தது அந்த உரையால்தான். இவற்றில் பஞ்சமரபு பின்னர் ஏட்டிலிருந்து மீண்டு அச்சேறியது. ஐயரின் தந்தை சங்கீத வித்துவான். ஐயரும் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது காலம் இசை பயின்றவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்குச் செலவான அந்த உழைப்பில் ஒரு பங்காவது பின்னாளில் கீர்த்தனைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1904இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கு எழுத்தில் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' ஒரு மலை. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர், சின்னசாமி முதலியார் போன்றோரின் தூண்டுதலாலும் சமஸ்தானத்தின் ஆதரவாலும் அதை எழுதி முடித்தார். தீட்சிதர் கிருதிகள் மட்டும் 229. ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் நொக்கு, ரவை, கண்டிப்பு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று கமகக் குறிகள். ஒரு காந்தாரத்தை எப்படி அசைப்பது, எங்கிருந்து இழுப்பது என்று எழுத்தில் பிடித்துவைக்க அவர் எடுத்த சிரமத்துக்கு நம் இசை வரலாற்றில் ஈடு சொல்வது கடினம். தமிழ் எழுத்தில் அதை மியூசிக் அகாடமி வெளியிட்டதால் தெலுங்கு படிக்கத் தெரியாதவர்களுக்கும் வழி திறந்தது.

அந்த நூலையும் ஒரு சாட்சியாகவே மதிக்க வேண்டும், தீர்ப்பாக அல்ல. தீட்சிதர் மறைந்தது 1835இல். சுப்பராம தீட்சிதர் பிறந்தது 1839இல். அவர் எழுதியது அந்தக் குடும்பத்தின் நினைவு, மிக வலுவான நினைவு. சாத்தனூர் பஞ்சு ஐயரிடமிருந்து வீணை தனம்மாளுக்கும் அவர் குடும்பத்துக்கும் வந்த பாடாந்தரம் இன்னொரு சாட்சி. அந்தக் குடும்பத்தாரின் ஒலிப்பதிவுகளை ஏட்டுப் பிரதிக்குச் சமமாக வைத்து ஒப்பிட வேண்டும். அச்சில் இல்லாத குழைவு அதில் கேட்கிறது. பிரதர்சினிக்கு வெளியே தீட்சிதர் பெயரில் பிறகு அச்சான கிருதிகளை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'குருகுஹ' முத்திரை ஒன்றை மட்டும் வைத்துக் கர்த்தாவை முடிவு செய்ய முடியாது. எவரும் அந்த முத்திரையை வைத்துப் பாடிவிடலாம். ராக லட்சணம், சமஸ்கிருத நடை, முதலில் எந்த ஏட்டில் தென்பட்டது என்பது எல்லாம் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

லட்சண நூல்களில் சிக்கல் வேறு மாதிரி. வேங்கடமகியின் 'சதுர்தண்டி பிரகாசிகை' 17ஆம் நூற்றாண்டு நூல். 1934இல் மியூசிக் அகாடமி அச்சிட்டது. தாளத்தைப் பற்றிய கடைசி அத்தியாயம் கிடைக்கவில்லை. 72 மேளங்களுக்குக் கணக்குப் போட்ட வேங்கடமகி, அவர் காலத்தில் வழங்கிய 19 மேளங்களையே விளக்கினார். கனகாம்பரி, பேனத்யுதி என்று தொடரும் பெயர்ப்பட்டியல் பிற்காலத்தது. ஆனால் பிரதர்சினி அதையும் வேங்கடமகி பெயரிலேயே தருகிறது. இரண்டு காலத்து ஏடுகள் ஒரே பெயரின் கீழ் ஒட்டிக்கொண்டுவிட்டன. இந்த அடுக்குகளைப் பிரித்துக் காட்டாத பதிப்பை வைத்து ராக வரலாறு எழுதினால், 18ஆம் நூற்றாண்டின் வழக்கு 17ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடும். அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளை இன்னும் படிக்க நேர்வது வருத்தமாக இருக்கிறது.

தஞ்சை சரஸ்வதி மகாலில் இருக்கும் கீத, தாய ஏடுகள் இவற்றையெல்லாம்விடக் கடினமானவை. ஸ்வரங்கள் வரிசையாக ஓடும்; எந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்குப் பல இடங்களில் குறிப்பே இருக்காது. பதிப்பாளர் அங்கே தன் ஊகத்தால் நெடிலும் குறிலும் போட்டு அழகாக்கிவிடக் கூடாது. ஊகித்தால் பகர அடைப்புக்குள் இட்டு, ஊகம் என்று சொல்ல வேண்டும்.

எழுத்து மாற்றமும் சின்ன வேலையல்ல. தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும்போது க, ச, ட, த, ப எழுத்துகளுக்கு மேலே எண் போட்டு ஒலியைக் காட்டுகிறோம். அந்த எண்ணும் கமகக் குறியும் ஸ்தாயிப் புள்ளியும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். அச்சில் ஒரு புள்ளி விழுந்துபோனால் தார ஸ்தாயி ஷட்ஜம் மத்திய ஸ்தாயிக்கு இறங்கிவிடும். மெய்ப்புப் பார்ப்பவருக்கு வீணையோ வாய்ப்பாட்டோ தெரிந்திருந்தால்தான் அது கண்ணில் படும்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கும் வாலாஜாபேட்டைச் சுவடிகளைச் சொல்வேன். தியாகராஜரின் நேர்ச் சீடர் வேங்கடரமண பாகவதரின் குடும்பத்திலிருந்து வந்தவை அவை. தில்லைஸ்தானம், உமையாள்புரம் பரம்பரைகளின் பாடங்களோடு அவற்றை ஸ்வரம் ஸ்வரமாக ஒப்பிட்டு, இடப்பக்கம் சுவடியின் படமும் வலப்பக்கம் பாடமும் அடியில் வேறுபாடுகளுமாக ஒரு தொகுதி வர வேண்டும். தெலுங்கு அறிந்தவரும் சுவடி படிப்பவரும் பாடத் தெரிந்தவரும் ஒரே மேசையில் மாதக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை இது. முதல் தொகுதிக்கு இருபது கிருதிகள் போதும்.