பத்தாயிரம் காலடி: ஓர் இலக்கின் நிறையும் குறையும்

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைப்பயிற்சிப் பாதை. எட்டு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 10,000 காலடி ஆகும் என்பதே அந்த நீளத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் டோக்கியோவில் இதே நீளமுள்ள பாதை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து முன்வைத்த யோசனை இது. பத்தாயிரம் என்ற எண்ணின் பிறப்பிடமும் ஜப்பான்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவியை ‘மன்போ-கெய்’ என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் காலடியை எண்ணும் கருவி என்று பொருள். மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, இத்தனை காலடி நடந்தால் இத்தனை பலன் என்று அளந்து கண்ட எண் அன்று யாரிடமும் இல்லை. சந்தைக்கு வந்த பெயர், மெல்ல மெல்ல மருத்துவ விதி போல ஆகிவிட்டது.

பிறப்பு அப்படி என்பதற்காக ஓர் இலக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விற்பனைக்காகச் சொன்னதும் நன்மை செய்திருக்கலாம். இந்த எண் நன்மை செய்தது, இன்றும் செய்கிறது. ஆனால் அது நடக்க முடிந்த பலரை மிரட்டி வீட்டிலேயே உட்கார வைக்கிறது. இலக்கைத் தொட்டவர்களுக்கோ, இனி உடம்புக்கு வேறெதுவும் தேவையில்லை என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடுகிறது. இரண்டும் நம் மண்ணில் விலை அதிகமான தவறுகள்.

முதலில் நிறை. உடலியக்கத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதன்முதலில் பெரிய அளவில் காட்டியவர்களுள் ஒருவர் ஜெர்ரி மோரிஸ். லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் அவர் வெளியிட்டார். அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்தவர்கள் அல்லர், வேலை பார்த்தவர்கள். நம் ஊரிலும் வயல், கிணறு, சந்தை என்று வாழ்க்கையே நடையாக இருந்த காலம் போய்விட்டது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்து 2014இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஓய்வு நேரத்தில் விளையாட்டோ பயிற்சியோ செய்தவர்கள் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. இப்படிப்பட்ட சமூகத்தில் ‘எழுந்து நட’ என்று சொல்லும் எந்த எண்ணையும் நான் வரவேற்பேன்.

எண்ணுவதற்கே ஒரு பலன் உண்டு. காலடி எண்ணும் கருவிகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த கட்டுரை, கருவி அணிந்தவர்களின் நடை ஏறக்குறைய 27 விழுக்காடு கூடியதைக் காட்டியது. ஏதாவது ஓர் இலக்கு வைத்திருந்தது அந்தக் கூடுதலுக்கு முக்கியக் காரணம். நடைக்குச் சந்தா கிடையாது, பயிற்சியாளர் வேண்டாம், வேட்டியோ புடவையோ கட்டிக்கொண்டே போகலாம். இவ்வளவு எளிதாகக் கைக்கு எட்டும் பயிற்சி வேறொன்று இல்லை.

சிக்கல் அந்த ‘ஏதாவது ஓர் இலக்கு’ என்பதில் இருக்கிறது. இலக்கு தேவை, அது பத்தாயிரமாகத்தான் இருக்க வேண்டுமா?

ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ 2019இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் காலடிகளைக் கருவியால் அளந்து, நான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 நடந்தவர்களிடம் இறப்பு 41 விழுக்காடு குறைவு. அதற்கு மேலும் பலன் கூடியது. ஆனால் சுமார் 7,500இல் நின்றுவிட்டது. 2022இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு, 15 ஆய்வுகளில் இருந்த 47,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 வரை, இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 வரை நடந்தபோது பலன் சமநிலைக்கு வந்தது. 2025இல் அதே இதழில் வந்த இன்னொரு தொகுப்பு, 2,000 காலடி நடப்பவர்களைவிட 7,000 நடப்பவர்களிடம் இறப்பு 47 விழுக்காடு குறைவு என்றது. இவை எல்லாம் மக்களைக் கவனித்துக் கணக்கிட்டவை. ஏற்கெனவே நோயுற்றவர் குறைவாக நடப்பார் என்பதால், விழுக்காடுகளை அப்படியே நடையின் கணக்கில் வரவு வைத்துவிட முடியாது. ஆனால் பல நாடுகளில், பல குழுக்களில் ஒரே வடிவம் திரும்பத் திரும்பத் தெரிகிறது: மிகக் குறைவாக நடப்பவர் சற்றுக் கூட்டும்போதுதான் பலன் மிக அதிகம்.

அந்த ‘சற்று’ எவ்வளவு? 2,700க்கும் 4,400க்கும் இடையே இருப்பது 1,700 காலடி. நிமிடத்துக்கு நூறு காலடி என்ற மிதமான வேகத்தில் நடந்தால் 17 நிமிடம். பத்தாயிரத்தையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, வீட்டுக்கு வந்து சோறு வடித்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் பார்க்கும் பெண்ணிடம் அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே இருக்கிறது? மூட்டு தேய்ந்த அறுபத்தைந்து வயது அம்மாவிடம் பத்தாயிரம் என்று சொன்னால், ‘அது நமக்கு இல்ல’ என்று ஒதுங்கிவிடுவார். ஐயாயிரம் போதும், அதையும் மூன்று தடவையாக நடக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. யாருக்கு மிகுந்த பலன் கிடைக்குமோ அவர்களையே இந்த எண் வாசலில் நிறுத்திவிடுகிறது. என் பார்வையில் இதுவே அதன் பெரிய குறை.

அடுத்தது, எடை. நடக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் எடை குறையும் என்றுதான் தொடங்குகிறார்கள். குறையாதபோது நடையையே விட்டுவிடுகிறார்கள். 65 கிலோ எடையுள்ளவர் 8 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 300 முதல் 400 கலோரி செலவாகும். நடை முடிந்ததும் பூங்கா வாசலில் சாப்பிடும் இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். கையில் கட்டும் கருவியும் இதில் கைகொடுப்பதில்லை. 2016இல் அமெரிக்காவில் 471 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்திய சோதனையில், கருவி அணிந்தவர்கள் குறைத்த எடை சராசரியாக 3.5 கிலோ, கருவி இல்லாமல் அதே உணவு, பயிற்சி ஆலோசனையைப் பின்பற்றியவர்கள் 5.9 கிலோ குறைத்திருந்தார்கள். எடையைப் பெருமளவு தீர்மானிப்பது தட்டு. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளிவந்த இண்டியாப் ஆய்வு கூறுகிறது. தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பொரியல் என்று கூட்டாதவரை எத்தனை ஆயிரம் நடந்தாலும் தொப்பை பெரிதாக அசையாது. எடை இறங்காவிட்டாலும் நடை ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது செய்துகொண்டுதான் இருக்கும். அதை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

நடையைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளும் பல. வியர்த்தால் கொழுப்பு கரைகிறது என்பார்கள். வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும், ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு குறையும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. நாள் முழுக்க உண்ணும் அளவு ஒன்றாக இருந்தால் வித்தியாசம் தெரிவதில்லை. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். பூங்காக்களிலும் மொட்டை மாடிகளிலும் பரவியிருக்கும் எட்டு வடிவ நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய இடத்தில், மழை நாளிலும் நடக்க வழி செய்கிறது என்ற அளவில் அது நல்ல ஏற்பாடு. சர்க்கரை நோயை அடியோடு போக்கும், பார்வையைக் கூட்டும் என்றெல்லாம் அதன்மேல் ஏற்றப்படும் பெருமைக்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

இந்த எண் மறைக்கும் மிகப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்: தசை. 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் உடலிலுள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இந்திய உடல்வாகின் இயல்பு இதில் இருக்கிறது. எடை மெஷினில் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அது சுருங்கினால் சர்க்கரைக்குப் போக்கிடம் சுருங்கும். நடுவயதுக்குப் பிறகு தசை தானாகவே குறைகிறது. சோற்றை மையமாகக் கொண்ட, புரதம் குறைந்த உணவும் உட்கார்ந்த வேலையும் அந்தச் சரிவை வேகப்படுத்துகின்றன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்ற 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

நடை இதயத்தையும் நுரையீரலையும் பழக்குகிறது. தோள், முதுகு, கை ஆகியவற்றுக்கு அது கொடுக்கும் வேலை மிகக் குறைவு, தொடைக்கும் ஓரளவுக்குத்தான். பத்து ஆண்டுகளாகக் காலை நடையைத் தவறவிடாத பெரியவர், தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாமல் தவிப்பது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் என்பதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்றும், 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலையையும் வலுவையும் வளர்க்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாள் என்றும் சேர்த்தே சொல்கிறது. முதல் பாதி ஊரெங்கும் பரவியது. இரண்டாம் பாதி ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்கானது என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. எடை தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளை போல ஆகிவிடும் என்ற பயத்தில் பெண்கள் விலகுகிறார்கள். பெண்களுடைய ஹார்மோன் அமைப்பில் அப்படிப் பருத்த தசை எளிதில் வராது. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் காலத்தில் அவர்களுக்கே இந்தப் பயிற்சி அதிகம் தேவை.

இதற்கு ஜிம் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது, குதிகாலை உயர்த்தி நிற்பது, இரு கையிலும் நிறைத்த தண்ணீர்க் குடத்தையோ பையையோ தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம். பழகப் பழகக் கடினமாக்கிக்கொண்டே போனால்தான் தசை வளரும் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

எப்போது நடப்பது என்பதையும் பத்தாயிரம் என்ற கூட்டுத்தொகை கேட்பதில்லை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த முதியவர்களிடம் லொரெட்டா டிபியெட்ரோ குழுவினர் நடத்திய சிறிய சோதனை 2013இல் வெளிவந்தது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் 15 நிமிடம் நடந்தது, காலையில் 45 நிமிடம் ஒன்றாக நடந்ததற்கு ஈடாக நாள் முழுவதற்குமான சர்க்கரையைக் குறைத்தது. இரவு உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரையைக் குறைத்ததில் அதையும் விஞ்சியது. ஒன்பது மணிக்கு இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டு நேராகத் தொலைக்காட்சி முன் அமரும் வீடுகள் நம்முடையவை. அந்த வீடுகளுக்கு அதிகாலை எட்டு கிலோமீட்டரைவிட, சாப்பிட்ட கையோடு தெருவில் போடும் கால் மணி நேர நடை அதிகம் பொருந்தும்.

தெரு அதற்கு இடம் கொடுக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு நடைபாதை அமைத்தது நல்ல செயல். ஆனால் அதன் பக்கத்தில் குடியிருப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் நடக்க வேண்டியது தங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, காய்கறிக் கடை வரை. அங்கே நடைமேடையை டிரான்ஸ்பார்மரும் கடைப் பலகையும் நிறுத்திய இருசக்கர வாகனமும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இருட்டிய பிறகு விளக்கு எரிவதில்லை. நாய்க்குப் பயந்து பெரியவர்கள் வெளியே வருவதில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை வீட்டு வாசலிலேயே கற்றுக்கொடுக்க இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அரசு இதைச் செய்ய வேண்டும். நகராட்சிகள் எட்டு கிலோமீட்டர் பாதையைப் பராமரிக்கும் அதே அக்கறையோடு, ஒவ்வொரு வார்டிலும் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் ஐந்நூறு மீட்டர் நடைமேடையை மீட்டுத் தர வேண்டும்.