மண் தின்பதையே அவனும் தின்கிறான்

எத்தனையோ பேராக விளையாடிப் பார்த்துவிட்டேன், வார்ம்வுட்டுக்கு ஈடு ஒருவனும் இல்லை. 'டோன்ட் ஸ்டார்வ் டுகெதர்' தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவின் வான்கூவரில் இருக்கும் க்ளை நிறுவனத்தின் விளையாட்டு அது. ஆளில்லாக் காட்டில் பசி, உடம்பு, புத்தி மூன்றையும் காப்பாற்றிக்கொண்டு நாளைத் தள்ள வேண்டும். 2019-இல் அங்கே வந்து சேர்ந்தவன்தான் இந்தச் செடிமனிதன். நெஞ்சில் பச்சைக்கல், உடம்பெல்லாம் இலையும் கொடியும், கண்ணில் படுவதையெல்லாம் நண்பன் என்று கொண்டாடும் மனசு.

மற்றவர்கள் விதைக்க வேண்டுமானால் முதலில் நிலத்தைத் திருத்தி, கொத்திக் குழி போட வேண்டும். வார்ம்வுட்டுக்கு எந்த நிலமும் வயல்தான். பறவை போட்டுவிட்டுப் போன விதையைப் பொறுக்கி, நின்ற இடத்திலேயே ஊன்றிவிடுவான். ஊன்ற ஊன்ற அவன் புத்தியும் தெளியும். முதல் நாள் காலையிலேயே போகிற பாதையெல்லாம் நட்டுக்கொண்டே போவேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. என்ன சமைத்துப் போட்டாலும் அவனுக்குப் பசிதான் ஆறும், காயம் ஆறாது. அவன் மருந்து உரம். இந்த விளையாட்டில் மண்ணுக்கு எரு, மக்கு உரம், க்ரோத் ஃபார்முலா என்று மூன்று சத்து. அதே மூன்றும் அவன் உடம்பிலும் வேலை செய்கின்றன. எரு உடனே காயத்தை ஆற்றும், மக்கு உரம் மெல்ல மெல்லத் தேற்றும், ஃபார்முலா அவனைப் பூக்க வைக்கும். மண் தின்பதையே அவனும் தின்கிறான்! இது பிடிபட்ட நாளிலிருந்து உரக்கிடங்கையும் மருந்துப் பெட்டியையும் நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. அழுகிப்போன காய்கறியைக்கூடத் தூக்கிப் போடுவதில்லை.

இனி வயல். கண்ட இடத்தில் ஊன்றியது வயிற்றுப்பாட்டுக்கு ஆகும், ராட்சசக் காய் தராது. அதற்குத் திருத்திய பாத்திதான் வேண்டும். நான் உயிராக நம்பும் கூட்டு கேரட், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு. கேரட் ஃபார்முலாவில் நாலு பங்கு எடுத்துக்கொண்டு மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு திருப்பித் தரும். சோளம் மக்கு உரத்தையும் உருளை எருவையும் அதே கணக்கில் எடுக்கும். மூன்றையும் சம எண்ணிக்கையில் நட்டால் ஒன்று எடுத்ததை மற்ற இரண்டும் சேர்ந்து நிரப்பிவிடும், மண் இளைக்கவே இளைக்காது. எவ்வளவு அழகான ஊடுபயிர்க் கணக்கு! இரண்டு பாத்தியை ஒட்டிப் போட்டு, பாத்திக்கு ஒன்பது குழி எடுத்து, வரிசைக்கு ஒரு பயிராக நடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு செடி கிடைக்கும். தன் இனத்தில் நாலு பேராவது பக்கத்தில் இருந்தால்தான் பயிருக்கு மனம் நிறையும், அதனால் பாத்தி ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பட்டமும் முக்கியம். மூன்றும் ஒன்றாக விளைவது இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் மட்டுமே. களை பிடுங்கி, பூவாளியில் தண்ணீர் காட்டி, செடியோடு பேசவும் வேண்டும்.

வார்ம்வுட் முழுசாகப் பூத்துவிட்டால் அந்தப் பேச்சு வேலையும் மிச்சம். வரப்போரமாக நடந்தாலே போதும், சுற்றியுள்ள பயிரெல்லாம் அவன் கவனிப்பில் குளிர்ந்துவிடும். வேகமும் கூடும், கால் வைத்த இடமெல்லாம் பூ முளைக்கும். வசந்தம் வந்தால் தானே பூப்பான், மற்ற காலத்தில் ஃபார்முலா கொடுத்துப் பூக்க வைக்கலாம். நான் முதன்முதலாக அறுத்த ராட்சசக் கேரட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்து சுத்தியலால் உடைத்த இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அக்கா மகன் எப்போதும் மரம்வெட்டி வூடியாகத்தான் வருவான். பக்கத்தில் ஒரு மரம் சாய்ந்தாலும் வார்ம்வுட்டுக்குப் புத்தி கலங்கும். "டேய், அந்தப் பக்கம் தள்ளிப் போய் வெட்டுடா" என்பேன். "சரி மாமா, அப்ப சாப்பாடு உங்க பொறுப்பு" என்பான். வசந்தத்தில் விளையும் டிராகன் பழம் ஒன்று, சுள்ளி மூன்று போட்டால் ஒரு டிராகன் பை. 75 பசி தீரும், அவன் உடம்பும் 40 புள்ளி தேறும். எனக்குத் தேறாது, ஆனால் அவன் தெம்பாக வெட்டப் போவதைப் பார்ப்பதே போதும்.

இந்த விளையாட்டை வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே வார்ம்வுட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டம் தொடங்கும் இலையுதிர் காலம் இருபது நாள், நாளுக்கு எட்டு நிமிஷம். முதல் விதையைக் கண்டதும் ஊன்றிவிடுங்கள்.